டிகிரி மங்கம்மா

டிராக்டரில் மேலாக இருந்த தோத்தாபுரி மாம்பழமெல்லாம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்து அறுத்தேன். உள்ளே பழுப்பு. இன்னொன்று அறுத்தேன். அதுவும் பழுப்பு, புளித்த வாடை வேறு. மூன்றாவதை அறுக்கத் தேவையில்லை. இருந்தாலும் அறுத்தேன். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சித்தூருக்கு வெளியே இருக்கும் இந்த மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்குச் சம்பளமே அறுத்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதற்குத்தான்.

"இந்த லோடு ரிஜெக்ட்" என்றேன்.

டிராக்டர் ஓட்டி வந்த கருப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்தது.

"எம்மா, நீ சிட்டிபாபு தங்கச்சிதான? டேய், இங்க வாங்கடா, மங்கம்மா ரிஜெக்ட் பண்றாங்கடா!"

வரிசையில் பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் காத்துக் கிடந்தவர்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

"பழம் அழுகிக் கெடக்குது. உள்ள எடுக்க முடியாது."

"ஒரே ஒரு தபா அதச் சொல்லும்மா."

"எத?"

"அதான், எழுதிக் குடு!" அவன் ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையின் விரலை என் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினான். கழுத்தைக்கூட என்னைப் போலவே வெட்டினான். சுற்றி நின்றவர்கள் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். வாட்ச்மேன் சிரித்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த மேனேஜர் நாகபூஷணம், என்ன ஏது என்று கேட்காமலே சிரித்தார்.

"விடும்மா ஷோபா. பாவம், தூரத்துல இருந்து வந்துகிறாங்க. கோச்சிக்காத" என்று சொல்லி, வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பழம் அழுகியிருக்கிறது என்று சொன்னேன். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எடை மேடையில் டிராக்டர் ஏறுகிறவரைக்கும் அந்த விரலை ஆட்டிக்கொண்டே போனான் கருப்பன்.

மங்கம்மா என் அண்ணன். வெள்ளிக்கிழமை ராத்திரி தெலுங்குச் சேனல் ஒன்றில் வரும் காமெடி ஷோவில் அவன் போடும் பொம்பளை வேஷம். முழுப் பெயர் டிகிரி மங்கம்மா. காட்டன் புடவை, பின் குத்திய முந்தானை, தோளில் பை, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் அவளுடைய டிகிரி இருக்கும். ரேஷன் கடையோ, பேங்க்கோ, பஸ் கண்டக்டரோ, பெண் பார்க்க வந்தவர்களோ, யார் என்ன சொன்னாலும், அரவம் என்று தெலுங்குக்காரர்கள் சொல்லும் தமிழ் வாடை வீசும் தெலுங்கில் சண்டை பிடிப்பாள். கோபம் உச்சிக்குப் போனதும் தமிழுக்குத் தாவி, "எழுதிக் குடு!" என்பாள். தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத ஹைதராபாத் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வார்த்தை தெரியும்.

புடவை என்னுடையது. பை என்னுடையது. ஃபைல் என்னுடையது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் வகையறாவிலேயே முதல் டிகிரி என்னுடையது. அது சும்மா வரவில்லை. ஜாதிச் சான்றிதழுக்கு மண்டல் ஆபீஸில் கத்தினேன். ஸ்காலர்ஷிப்புக்கு காலேஜ் ஆபீஸில் கத்தினேன். ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொன்ன வார்டன் அம்மாவிடம் கத்தினேன். கத்தாதவளுக்கு அங்கே எதுவும் கிடைப்பதில்லை. தமிழ் அடிக்கும் எங்கள் தெலுங்கைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆபீஸ் கவுண்டர்களில், அமைதியாக நின்றவர்கள் எல்லாம் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதைத்தான் அவன் எடுத்துக் கட்டிக்கொண்டான்.

சிட்டிபாபு முதன்முதலில் புடவை கட்டியது யாரையும் சிரிக்க வைக்க அல்ல. சின்ன வயதில் அவனுக்கு அம்மை வார்த்து, பிழைத்தால் திருப்பதி கங்கம்மாவுக்கு வேஷம் கட்டுகிறோம் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். கங்கம்மாவின் ஜாத்திரைத் திருவிழாவில் ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, மஞ்சள் பூசிக்கொண்டு தெருவில் வருவார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. வயதான பொம்பளைகள் ஓடி வந்து காலில் விழுவார்கள். ஒன்பதாவது படிக்கும்போது அண்ணன் கட்டினான். அவன் காலிலும் விழுந்தார்கள். அவன் பயந்து போய் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது புத்தூர் பஸ்ஸில் புடவையோடுதான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "கொஞ்சம் நவுந்து குந்தும்மா" என்றாள். இவன் எங்கள் தெரு சுந்தரி அத்தையின் குரலில், "ஏன், ஒங்கூட்டுக்காரர் வாங்கிப் போட்ட பஸ்ஸா இது?" என்றான். பஸ்ஸே அதிர்ந்தது. நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலில் விழுந்தபோது அவன் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது வந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆர்கெஸ்ட்ரா. பலமனேர், புங்கனூர், பங்காருபாளையம் என்று ஜாத்திரை மேடைகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே மிமிக்ரி. பாடகி தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவரைக்கும் கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க வேண்டும். அங்கேதான் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்தது. "சிரிப்பு வந்துட்ச்சின்னா அந்த எடத்தவுட்டு நவுரக் கூடாது ஷோபி. மழ பெஞ்சாலும் அங்கியே நிக்கணும்" என்பான். அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். நகர மாட்டான்.

ஹைதராபாத்துக்கு இரண்டு தடவை போய், பேச்சில் தமிழ் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டான். மூன்றாவது தடவை போவதற்கு முன் ஊருக்கு வந்திருந்தான். கல்விக் கடனை இழுத்தடித்த பேங்க்காரனிடம் நான் போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அடுத்த மாதம் நான் டிவியில் வந்தேன்.

முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை. பிறகுதான் வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். அவன் லீவில் வருகிற நாளாகப் பார்த்து அம்மா எதையாவது கிளப்புவாள். சத்தியவேடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன் என்பாள். உன் சர்டிபிகேட்டை எல்லாம் பீரோ மேலே போட்டேன், எலி கடித்துவிட்டதோ என்னவோ என்பாள். நான் ஆடித் தீர்ப்பேன். ஓய்ந்த பிறகு பார்த்தால் மாப்பிள்ளையும் இல்லை, எலியும் இல்லை. அண்ணன் என் வாயையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

"வேணும்னே பண்றியாம்மா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

அம்மா, தனபாக்கியம், கொஞ்சமும் கூசவில்லை. "ரெண்டு வார்த்த கத்துனா இன்னா கொறஞ்சி பூட்ட? நீ எப்பிடியும் கத்தத்தான் போற. அவனுக்கு ஆவட்டுமே. அவன் பொழப்பு நடந்தா ஊட்டுக்குத்தான?"

அதற்கும் கத்தினேன். அதுவும் டிவியில் வந்தது, இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து.

சித்தூரில் வேலை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்ததே இதற்காகத்தான். கண்ணில் படாவிட்டால் எடுக்க மாட்டான் அல்லவா.

ஆனால் "எழுதிக் குடு" மட்டும் வீட்டில் எடுத்தது இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நைனாவைப் பாம்பு கடித்தது. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில். தன் பச்சைத் துண்டையே கெண்டைக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்துவிட்டார். புத்தூரில் ஊசி போட்டு, திருப்பதிக்கு எடுத்துப் போங்கள் என்றார்கள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்திருந்தார்கள். நைனாவுக்கு இமை இறங்கிக்கொண்டே வந்தது. மூச்சுக் கருவி காலியில்லை, வேலூருக்கு எடுத்துப் போங்கள் என்றார்கள். நான், அண்ணன், அம்மா மூன்று பேரும் அந்த ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் நான் சொன்னேன், இங்கே முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்று. எழுதிக் கொடுத்தார்கள். சித்தூர் வருவதற்கு முன்பே ஆம்புலன்ஸில் நைனா போய்விட்டார். வேங்கடாசலம், வயது ஐம்பத்தொன்பது, அந்தத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

காரியம் முடிந்து அண்ணன் ஹைதராபாத் போனான். அந்த வெள்ளிக்கிழமை மங்கம்மா ரேஷன் கடை முன்னால் நின்று, "சர்க்கரை இல்லைன்னு எழுதிக் குடு!" என்றாள். ஜட்ஜாக உட்கார்ந்திருந்த நடிகை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அதுவரைக்கும் மங்கம்மா அவன் போட்ட பத்து வேஷங்களில் ஒன்று. அன்றைக்கு அப்புறம் அவனுக்கு வேறு வேஷமே இல்லை.

போன் செய்து கிழித்தேன். அவன் அழுதான். "வார்த்தயத்தான் எடுத்தேன் ஷோபி. எனக்கே தெரியாம வாயில வந்துட்ச்சி. அந்த நாள எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். நைனா மேல சத்தியம்."

சரி என்றேன். என் புடவை போகட்டும், கழுத்து வெட்டு போகட்டும், கோபம் மொத்தமும் போகட்டும். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு வேண்டும். நைனா கிடந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

அழுகின பழம் உள்ளே போன அன்றைக்குச் சாயந்திரம் அம்மா போன் செய்தாள்.

"ஷோபா, துன்னியா?"

"விஷயத்தச் சொல்லும்மா."

"அண்ணன் திருப்பதியிலதான் கீறான். மங்கம்மாவ வச்சே முழுப் படம் எடுக்கறாங்கல்ல, அந்த ஷூட்டிங்கு. ரேணிகுண்டா ரோட்டாண்ட மூடிக் கெடக்கற ஆஸ்பத்திரி ஒண்ணு. நாளைக்கி ஏதோ பெரிய சீனாம்." கொஞ்சம் இழுத்தாள். "நைனாவ இட்டுக்கினு போனப்ப நீ இன்னா இன்னா கேட்ட, எது மொதல்ல, எது அப்புறம்னு கேட்டான். அவனுக்கு வரிச மறந்துட்ச்சாம். ஒங்கிட்ட கேக்க பயமா கீதுன்னு எங்கிட்ட கேக்கச் சொன்னான்."

"அம்மா, இன்னா பேசற நீ?"

"எனக்கு மட்டும் ஆசையாடி? கடனுக்கு ஊடு கட்டிப் போட்டுகிறான். மங்கம்மா இல்லன்னா அவனுக்கு யாரு வேல குடுக்கறாங்க? நீ சொல்லு."

போனை வைத்துவிட்டேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் நிறைய மொட்டை போடத் திருமலைக்குப் போகிறவர்கள். ஒரு அம்மாள் என்னைக் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டே வந்தாள். பாகாலாவுக்கு அப்புறம் பொறுக்க முடியாமல், "நீங்க டிவில வர்றவங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பிடியே அவங்க மாதிரி கீறீங்க" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பழைய போர்டை மறைத்து வேறு பெயர் ஒட்டியிருந்தார்கள். கேட்டில் தடுத்த ஆள் என் முகத்தைப் பார்த்ததும், செல்ஃபி ஒன்று எடுத்துக்கொண்டு உள்ளே விட்டான். தாழ்வாரம் முழுக்க லைட், வயர், நர்ஸ் உடையில் பெண்கள். நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் வயதான துணை நடிகர் ஒருவர் உட்கார்ந்து, வாயோரம் வைத்த சோப்பு நுரை அழியாமல் இருக்கத் தலையைச் சாய்த்தபடி, டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாக, "நமஸ்தே மேடம்" என்றார்.

அவர் கெண்டைக்காலுக்கு மேலே ஒரு பச்சைத் துண்டு கட்டியிருந்தது.

பச்சை. அது எந்த ரைட்டருக்கும் தானாகத் தோன்றுகிற நிறம் இல்லை.

கேரவன் கதவைத் தட்டவில்லை, திறந்தேன். சிட்டிபாபு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். விக் வைத்தாகிவிட்டது, பொட்டும் வைத்தாகிவிட்டது. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தான். என்னைக் கண்டதும் மேக்கப்காரரை வெளியே போகச் சொன்னான்.

"துண்டுகூடச் சொல்லிட்டியாடா?"

அண்ணனை நான் டா போட்டதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு நா மத்தியானம் சாப்டுக்கினு இருந்தப்ப டைரக்டரு கேட்டாரு. இந்த எழுதிக் குடு எங்க இருந்து வந்ததுன்னு. மனசு கஷ்டமா இருந்திச்சி, சொல்லிட்டேன். அவரு அழுதுட்டாரு ஷோபி. நெஜமா. அப்புறம் அழுதுக்கினே சொன்னாரு, இதுதான் நம்ம இன்டர்வெல்னு."

"சத்தியம் பண்ணல நீ?"

"பண்ணேன்."

"நைனா மேல."

"பண்ணேன்மே. இன்னா பண்ணச் சொல்ற?" விக்கைக் கழற்றப் போனான், அது பசையோடு ஒட்டியிருந்ததால் வரவில்லை. விட்டுவிட்டான். "மீசையோட நாலு படம் நடிச்சேன். ஆட்டோக்காரன், திருடன், டீக்கடக்காரன், போலீசு. அம்மா தியேட்டருக்கு வந்து பாத்துட்டு, நீ எப்படா வந்தன்னு கேட்டுது. சீரியல்ல ஹீரோவுக்கு மச்சானா அஞ்சு மாசம் நடிச்சேன். சாவடிச்சிட்டாங்க. ரெண்டு மாசம் லீவு வந்தா மீச வைக்கறேன். திரும்ப ஃபோன் வந்தா செரைக்கறேன். போன வாரம் ஹைதராபாத்துல ஒரு ஆஃபீசுக்கு பேண்ட்டு சட்ட போட்டுக்கினு போனேன். அந்தப் பொண்ணு என்னப் பாத்து, மங்கம்மா மேடம் வரலியான்னு கேக்குது. நான் எங்க போறது, சொல்லு?"

எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அதுக்கு நைனா செத்ததுதான் கெடைச்சிதா?"

"சிரிக்க மாட்டாங்க ஷோபி. மொதல்ல சிரிப்பாங்க, அப்புறம் அழுவாங்க. டைரக்டரு சொன்னாரு. நீ கத்துனியே, அந்த எடத்துல ஜனங்க..."

"நான் கத்தல."

அவன் நிமிர்ந்தான். "இன்னா சொல்ற? ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சே. நர்ஸு கையில இருந்தத கீழ போட்டுட்டு ஓடுனா."

"அது நீ டிவில பண்ணது. ரேஷன் கட எபிசோடு. தராசுக்காரன் கீழ போட்டுட்டு ஓடுவான். நர்ஸு இல்ல."

"ஆமால்ல?" அவன் குழம்பிப் போனான். "அப்ப நீ எப்பிடித்தான் சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சர் ஞாபகத்துக்கு வந்தது. நைனாவின் இறங்கிய இமை வந்தது. அங்கே நின்று பேசுகிறவளின் முகத்தைப் பார்க்க முயன்றால், இடுப்பில் கை வைத்து, விரலை ஆட்டிக்கொண்டு, விக் வைத்த என் அண்ணன்தான் நிற்கிறான். என் குரலைத் தேடினால் அவன் குரல் கேட்கிறது. கைகூப்பினேனா? கெஞ்சினேனா? எனக்குக் குரலே சரியாக எழும்பவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் நிச்சயமில்லை. என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, தினம் பூட்டிப் பூட்டி வைத்திருந்த அறைக்குள் இவன் எப்போதோ புகுந்து உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். கட்டிலில் உட்கார்ந்தேன். "எனக்கே நீதாண்ணா வர்ற. என் வாய் வரமாட்டேங்குது."

வெளியே யாரோ ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சிட்டிபாபு எழுந்து புடவையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"வா."

"எங்க?"

"டைரக்டராண்ட. இந்த சீன நான் பண்ண மாட்டேன். நீயும் பக்கத்துல நில்லு. தனியாப் போனா எனக்கு வாய் வராது."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவன் கண்ணை நான் பார்த்தேன். என் அண்ணன்தான் அது.

டைரக்டர் யஸ்வந்த் என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருந்தால் அதிகம். மானிட்டரை விட்டு எழுந்து வந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு கெட்டவனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அப்படி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் தெலுங்கில், மெல்லிய குரலில் பேசினான். "சார், இந்த சீன் வேண்டாம் சார். இது எங்க அப்பா சார். என் தங்கச்சிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். வேற எது வேணாலும் எழுதுங்க, செய்யறேன்."

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யஸ்வந்த் அவன் தோளில் கை வைத்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புரியுது அண்ணா" என்றார். நடக்கப் போகிறது என்றே நினைத்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நான் வேண்டாம் என்று சொன்னது வேண்டாம் என்றே ஒருவர் காதில் விழுந்திருந்தது.

"ஆனா புரொடியூசர் கேப்பார். இன்னைக்கு செட் போட்டாச்சு. நான் சொன்னா நம்ப மாட்டார்." அவர் உண்மையாகவே கவலையோடுதான் சொன்னார். "அண்ணா, இந்த சீன் பண்ண முடியாதுன்னு ஒரு வரி, நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க."

நர்ஸ் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மேலே லைட் கட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவன், "எழுதிக் குடு!" என்றான்.

அவ்வளவுதான். தாழ்வாரம் வெடித்தது. நர்ஸ் பெண்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்தவருக்கு டீ புரையேறியது. யஸ்வந்துக்குத் தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அண்ணா, சாரி, நான் அப்படி நினைச்சு..." என்றவர், அதற்குள் தானும் சிரித்துவிட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவனும் என்னைத்தான் பார்த்தான். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அது ஒரு அலை இறங்கி அடுத்தது கிளம்பும் இடத்தில் இருந்தது. அவன் காது அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

"நானாய்யா எழுதிக் குடுக்கணும்?" என்றான். மங்கம்மாவின் குரல். "ஊர்ல இருக்கறவன எல்லாம் எழுதச் சொன்ன எங்கிட்டயே எழுதிக் கேக்கறியா? பேனா இருக்குதா ஒங்கிட்ட? பேனா இல்லாத ஆஸ்பத்திரில எதுக்குய்யா டாக்டர் வச்சிகிறீங்க?"

இன்னும் பெரிய சிரிப்பு. அவன் நகரவில்லை. அந்த இடத்திலேயே நின்றான். ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினான். "யோவ், நீ ஏன்யா எழுந்து குந்திக்கினு இருக்க? பாம்பு கடிச்சவன் மாதிரி படு! நான் இங்க ஒனக்காக சண்ட போட்டுக்கினு கீறேன், நீ டீ குடிக்கற?" கிழவர் டீயோடு படக்கென்று படுத்தார். யஸ்வந்த் கேமராமேனுக்குக் கையைக் காட்டினார், சத்தமில்லாமல். சிவப்பு விளக்கு எரிந்தது.

எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. பேப்பரில் எழுதி வைத்திருந்த சீனைவிட அது நன்றாக வந்ததாகச் சொன்னார்கள். கட் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். சிட்டிபாபு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். வியர்வையில் பொட்டு வழிந்திருந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான், எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்தவன் மாதிரிச் சுற்றும் முற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தான்.

யஸ்வந்த் என்னிடம் வந்தார். உண்மையான வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. "மேடம், நீங்க சொன்னா இதை நான் யூஸ் பண்ண மாட்டேன். சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நல்லவர்கள்தான், ஒருவரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. ஆனால் உதட்டோரத்தில் ஒரு ஆவலோடு நின்றார்கள், பாட்டுக்கு முன்னால் கூட்டம் நிற்குமே அப்படி. இரண்டு மூன்று போன்கள் மேலே எழுந்தன. அசல் மங்கம்மா வாயைத் திறக்கப் போகிறாள்.

கத்தலாம். கத்தினால் அது மங்கம்மா. வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லலாம். முதல் எழுத்து வெளியே வரும்போதே அங்கே ஒருத்திக்காவது சிரிப்பு வந்துவிடும், பிறகு எல்லோருக்கும். அழலாம். அதைத்தான் அவர்கள் இன்டர்வெல்லுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி நடந்தால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான் நடக்கும் நடை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு மியூசிக்கே உண்டு.

வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு நர்ஸ் பெண்ணால் அடக்க முடியவில்லை. அவளைப் பார்த்து அடுத்தவள். அதற்கும் சிரித்தார்கள்.

சிட்டிபாபு மட்டும் சிரிக்கவில்லை. புடவை முந்தானையைக் கையில் பிடித்தபடி, கண் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவன் உதடுகள், என் உதடுகள் இறுகியிருந்த மாதிரியே, மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.